நேட்டாலுக்குக் கப்பலேறியவரின் ஊரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு, இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், பெரும்பாலும் தமிழோ தெலுங்கோ பேசியவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் இப்போது டிஎன்ஏ கிட்டில் எச்சில் துப்பி அனுப்பிவிட்டு, வேலூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் யாரோ ஒருவருக்கு "நாம் சொந்தமாம், உங்கள் ஊர் எது?" என்று எழுதுகிறார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

டிஎன்ஏ பரிசோதனை செய்தால் பூர்வீக ஊர் தெரிந்துவிடுமா?

தெரியாது. பலர் பணம் கட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பரிசோதனை செய்து அதே தளத்தில் இருக்கும் இன்னொருவருக்கும் உங்களுக்கும் ரத்த உறவு உண்டா, ஏறக்குறைய எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் அது சொல்லும். ஊர், தாலுகா, தகப்பன் பெயர் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது. நேட்டாலுக்குப் போனவர்களைப் பொறுத்தவரை அந்தக் காகிதம் பெருமளவு பத்திரமாகவே இருக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம். ஆகவே முதலில் காகிதம், அது சொல்வது சரிதானா என்று பார்க்க டிஎன்ஏ.

அப்படியானால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டிலிருந்து. உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் கேட்டால் "இந்தியா" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எந்தச் சாமி கும்பிட்டார்கள், திருமணத்தில் என்ன சடங்கு, வீட்டில் தமிழா தெலுங்கா, எந்தத் தோட்டத்தில் யாரிடம் வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள். பிறகு பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். தேட வேண்டியது ஒரே ஒரு எண். ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் காலனி எண் என்று ஒன்று கொடுத்தார்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்து விடுவித்த சான்று என்று பின்னால் வந்த பல காகிதங்களில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் எதுவும் இல்லையென்றால் தென்னாப்பிரிக்க அரசு ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் தேடலாம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் நேட்டால் பதிவுகள் நிறைய இலவசமாகவே உண்டு, கணக்கு மட்டும் திறக்க வேண்டும். சொத்து விட்டுச் சென்றவர்களுக்கு மரண அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கும். அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. சண்டை, புகார், ஊருக்கு அனுப்பிய பணம், திரும்பிப் போக விண்ணப்பம் என்று மனிதர்கள் பேசுவது கேட்கும் கோப்புகள் அவை. நேரம் இருந்தால் அவசியம் பாருங்கள்.

கப்பல் பட்டியல் என்கிறார்களே, அதில் என்ன இருக்கும்?

காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். "இடது கன்னத்தில் தழும்பு" என்கிற மாதிரி ஒரு வரி. புகைப்படமே இல்லாத மூதாதையரைப் பற்றி அந்த ஒரு வரிதான் கிடைக்கும், அதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும். எல்லாப் பக்கங்களும் முழுமையாக இருக்காது, சில கப்பல்களில் சில கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கும்.

டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிய வேலைக்குப் பேர் போனது. அங்கிருந்து தொடங்கலாம். ஒன்று கவனியுங்கள்: சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

பெயரைப் போட்டால் ஏகப்பட்ட முனுசாமி வருகிறார்களே?

வரத்தான் செய்வார்கள். முனுசாமி, வீராசாமி, ராமசாமி, முனியம்மா இல்லாத கப்பலே இல்லை என்று சொல்லலாம். தனிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். தகப்பன் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள், அதுவும் நான்கைந்து எழுத்துக்கூட்டலில். முனுசாமியே 'மூன்சாமி', 'முனிசாமி', 'மூனசாமி' என்றெல்லாம் எழுதப்பட்டிருப்பார்.

இன்றைய குடும்பப் பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கோவெண்டர், மூட்லி, நாயுடூ, பிள்ளே, படையாச்சி என்று சாதிப் பெயரிலிருந்து வந்தவை உண்டு, தாத்தாவின் தனிப் பெயரே அப்படியே குடும்பப் பெயராக நின்றுவிட்டதும் உண்டு. இரண்டாவது வகைதான் தேடலுக்கு நல்லது, ஏனென்றால் முதலில் போனவரின் பெயரோ அவர் தகப்பன் பெயரோ அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு உபாயம்: எண்களை அடுத்தடுத்துப் பாருங்கள். கணவன், மனைவி, குழந்தை, தம்பி என்று சேர்ந்து போனவர்களுக்கு எண்களும் பெரும்பாலும் வரிசையாகவே இருக்கும். தாத்தாவுக்கு அடுத்த எண்ணில் அதே ஊர்ப் பெயரோடு ஒருவர் இருந்தால் அவரையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் டிஎன்ஏ பொருத்தத்தில் அவர் பேரப்பிள்ளைகள் வரலாம். அதே சமயம் தாத்தாவும் பாட்டியும் ஒரே ஊர்க்காரர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கப்பலேறக் காத்திருந்த சென்னை டிப்போவிலோ கப்பலிலோ, போய்ச் சேர்ந்த பிறகோ சேர்ந்த தம்பதிகள் ஏராளம். ஒருவருக்கு ஆற்காடு, இன்னொருவருக்குத் தஞ்சாவூர் என்று இருந்தால் அது பிழை அல்ல.

கிராமத்தின் பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அப்படி ஒரு ஊரே இல்லையே?

இருக்கிறது, எழுத்துதான் வேறு. ஊர்க்காரர் வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள், பல வருடம் கழித்து அதை இன்னொருவர் பார்த்துக் கணினியில் அடித்தார். இரண்டு இடத்திலும் எழுத்து மாறும்.

ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன், இது நான் விளக்கத்துக்காக அமைத்த வரி: ஜில்லா 'நார்த் ஆர்காட்', தாலுகா 'வாண்டிவாஷ்', கிராமம் 'மரூடாட்'. வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி. வட ஆற்காடு இன்று இல்லை. அந்தப் பழைய ஜில்லா இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பல பகுதிகளையும், 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் அந்தப் பக்கத்துப் பகுதிகளையும் உள்ளடக்கியது. சரி, இப்போது வந்தவாசி வட்டத்தின் கிராமப் பட்டியலை எடுத்து, 'ம'வில் தொடங்குவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மருதாடு என்று வரும்போது பிடிபட்டுவிடும். கண்ணால் படித்தால் பிடிபடாது, வாயால் சொல்ல வேண்டும். தமிழ் பேசாத டர்பன் உறவினர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார், தமிழ் வாசிப்பவர் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அவருக்குப் பெரிய உதவி.

கிராமப் பட்டியலுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள் நல்லவை, பழையவை இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 1950களின் அமெரிக்க ராணுவ வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது, பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் அதில் உண்டு. புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் தாலுகாவுக்கு நாலு இருக்கும், அங்கே குலதெய்வமும் வீட்டு மொழியும்தான் கைகொடுக்கும்.

எந்தப் பரிசோதனை எடுப்பது?

உறவினரைக் கண்டுபிடிக்க ஆட்டோசோமல் பரிசோதனை. அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அதுதான்.

ஒய் குரோமோசோம் பரிசோதனை ஆண்கள் மட்டும் எடுக்கலாம். தகப்பன், அவர் தகப்பன் என்று நேர்கோட்டில் போகும். பங்காளியா இல்லையா என்ற கேள்விக்கு இது ரொம்பப் பொருத்தம். நேட்டாலில் இருக்கும் ஒருவரும் ஊரில் இருக்கும் ஒருவரும் ஒரே தாத்தாவின் ஆண் வாரிசு என்று குடும்பத்தில் பேச்சு இருந்தால், இரண்டு பேரும் விரிவான ஒய் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிடலாம். தாய்வழிப் பரிசோதனையில் தெரிவது பல்லாயிரம் வருடத்துக்கு முந்தைய சங்கதி, ஊர் தேட உதவுவது அபூர்வம்.

நிறுவனத்தைப் பொறுத்தவரை, உங்கள் எதிர்ப்பக்கத்து ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போங்கள். பிறகு மூலத் தரவை இறக்கி ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றினால் வேறு நிறுவனங்களில் எடுத்தவர்களோடும் ஒப்பிடலாம். துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, வெற்றிலை போடும் பாட்டிக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் யார் எடுக்க வேண்டும்?

இருப்பதிலேயே மூத்தவர். கணக்கு இதுதான். 1885இல் ஒருவர் கப்பலேறினார், அவர் அண்ணன் ஊரிலேயே இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்று எழுபது வயதில் இருக்கும் இரண்டு பக்கத்துக் கொள்ளுப்பேரன்களும் மூன்று விட்ட சகோதரர்கள். அந்த உறவில் பத்துக்கு ஒன்பது ஜோடிக்குப் பரிசோதனையில் பொருத்தம் காட்டும். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். பேரப்பிள்ளைகள் வரை வந்தால் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே காட்டாது, உறவு உண்மையாக இருந்தும். நீங்கள் எடுப்பதற்குப் பதில் அத்தையை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கிட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது அத்தைக்கு. வயதான இன்னொரு பெரியப்பாவும் இருந்தால் அவருக்கும் எடுங்கள், உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே ஒருவரிடம் இருக்கும் டிஎன்ஏ பகுதி இன்னொருவரிடம் இருக்காது.

90 சென்டிமார்கன் பொருத்தம், மூன்று விட்ட சொந்தம் என்று காட்டுகிறது. நம்பலாமா?

அப்படியே நம்பாதீர்கள். சென்டிமார்கன் என்பது பகிர்ந்துகொண்ட டிஎன்ஏவின் அளவு. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் 3400 சுற்றி இருக்கும், மூன்று விட்ட உறவுக்குச் சராசரி 70 சுற்றி. ஆனால் இந்தச் சராசரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களை வைத்து எடுக்கப்பட்டவை. நம் கதை வேறு. அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம். அக்கா மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு, அப்பாவின் அம்மாவே அம்மா வழியில் கொள்ளுப்பாட்டியும் ஆகிறார். ஒரே மூதாட்டியின் டிஎன்ஏ இரண்டு பாதையில் வந்து சேர்கிறது. இதோடு ஒரே சமூகத்துக்குள்ளேயே பல நூற்றாண்டு திருமணம் செய்ததும் சேர்ந்துகொள்கிறது. அதனால் எங்கோ தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய சொந்தம்போலக் காட்டும்.

இதற்கு ஒரு நடைமுறை வழி: மொத்தத்தைப் பார்க்காமல் பகிர்ந்துகொண்டதில் மிக நீளமான ஒற்றை டிஎன்ஏ துண்டு எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 90, ஆனால் எட்டும் பத்துமாகச் சின்னச் சின்னத் துண்டுகள் என்றால் அது பெரும்பாலும் பழைய சமூக உறவு, குறிப்பிட்ட தாத்தா யாரும் கிடைக்கமாட்டார். மொத்தம் 60தான், ஆனால் ஒரே துண்டு 35 என்றால் அந்த ஆளுக்கு இன்றைக்கே எழுதுங்கள். எழுதும்போது "ஹாய், நாம் சொந்தம்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. போனவரின் பெயர், தகப்பன் பெயர், கப்பலேறிய வருடம், தாலுகா இந்த நான்கையும் முதல் வரியிலேயே போடுங்கள்.

பொருத்தமே வரவில்லை என்றால் உறவு இல்லை என்று அர்த்தம் இல்லை. ஊரிலிருந்து யாரும் பரிசோதனை எடுக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இத்தனை சதவிகிதம் தென்னிந்தியா, இத்தனை மத்திய ஆசியா என்று வருகிறதே?

அந்த வட்டப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். நிறுவனத்திடம் இருக்கும் ஒப்பீட்டு மாதிரிகளை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. நம் பகுதிக்கு மாதிரிகள் குறைவு. அவர்கள் புது மாதிரி சேர்த்ததும் உங்கள் சதவிகிதமும் மாறும், உங்கள் தாத்தா மாறவில்லை.

இதேபோல்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்தில் கண்ட எம்130 என்ற மரபணு அடையாளமும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆதிப் பயணத்தின் ஒரு தடயம் என்பதால் அது ஆய்வுக்கு முக்கியம். ஆனால் அது தகப்பன் வழியின் ஒற்றைக் கோடு மட்டுமே. அதை வைத்து ஓர் ஊரையோ ஒரு சமூகத்தையோ "முதல் இந்தியர்" என்று பெருமை பேசுவது அறிவியல் இல்லை.

டிஎன்ஏவில் சாதி தெரியுமா?

தெரியாது. சாதிக்கு என்று ஒரு மரபணு கிடையாது. கப்பல் பட்டியலில் சாதிக் கட்டம் உண்டு, அதில் இருப்பது அன்று எழுத்தர் கேட்டு எழுதியது. வேறு பெயரைச் சொல்லி ஏறியவர்களும், எழுத்தர் தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டதும் உண்டு. ஊரைத் தேட ஒரு துப்பாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாதி என்று தெரிந்துகொள்வதற்காகவே பரிசோதனை எடுப்பவர்களுக்கு நான் உதவுவதில்லை, அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

மொரிஷியஸ், ஃபிஜி, ரீயூனியன், மலேசியா போனவர்களுக்கு?

மொரிஷியசுக்கு மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்கள். பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. உங்கள் பிறப்புச் சான்றிலிருந்து மேலே ஒவ்வொரு தலைமுறையின் பதிவையும் கோத்து எடுத்துப் போங்கள். ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,965 பேர், சென்னையிலிருந்து 1903இல்தான் ஆரம்பம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குடியேற்றச் சீட்டு உண்டு, தலைநகர் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்றால் பிரான்சின் கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் அங்கே உண்டு. ஆனால் பிரெஞ்சுச் சட்டப்படி சொந்த ஆர்வத்துக்காக மரபணுப் பரிசோதனை எடுப்பது குற்றம், 3750 யூரோ அபராதம் வரை போகும். அங்கிருக்கும் உறவினரை வற்புறுத்தாதீர்கள்.

மலேசியாவும் இலங்கை மலையகமும் கஷ்டம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி மூலம் போனவர்களுக்கு நேட்டால் மாதிரி ஆளுக்கொரு வரி எழுதிய பட்டியல் கிடையாது. பழைய கடவுச்சீட்டு, தோட்டப் பதிவேடு, குடியுரிமை விண்ணப்பம், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்களின் குடும்ப அட்டை இவற்றில் ஊர்ப் பெயர் தேடுங்கள். நல்ல விஷயம், இவர்களில் பலர் போய் அதிக தலைமுறை ஆகவில்லை, டிஎன்ஏ பொருத்தம் தெளிவாக வரும்.

என் தரவு பத்திரமாக இருக்குமா?

உத்தரவாதம் யாராலும் தர முடியாது. 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. அதற்கு முன் 2018இல் ஜெட்மேட்ச் தரவை வைத்து கலிஃபோர்னிய போலீஸ் ஒரு பழைய தொடர்கொலையாளியைப் பிடித்தது, அவர் பரிசோதனையே எடுத்ததில்லை, தூரத்துச் சொந்தங்கள் எடுத்திருந்தார்கள். அதாவது நீங்கள் எடுத்தால் உங்கள் வீட்டாரைப் பற்றியும் கொஞ்சம் வெளியே போகிறது. புனைபெயரில் கணக்குத் திறங்கள், மற்ற தளங்களில் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள், ஆராய்ச்சிக்குத் தரும் அனுமதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை, சித்தி என்று நினைத்தவர் அக்கா என்று முடிவு வரலாம். எடுக்கும் முன்னேயே, அப்படி வந்தால் தெரிந்துகொள்ள விருப்பமா என்று பெரியவரிடம் நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள்.

இந்த முடிவை வைத்து ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வாங்க முடியுமா?

முடியாது. அதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சான்றிதழ் கேட்பார்கள், கப்பல் பட்டியலின் சான்றிட்ட நகல் அங்கே உதவும். பொதுவாகக் கொள்ளுப்பேரப்பிள்ளை வரைதான். மொரிஷியஸ் வம்சாவளியினருக்கு 7ஆம் தலைமுறை வரை நீட்டிப்பதாக 2024இல் இந்தியா அறிவித்தது. தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரைக் கண்டுபிடித்துவிட்டோம். நேரே போகலாமா?

போகும் முன் தமிழ் பேசும் ஒருவரை அனுப்புங்கள் அல்லது போன் செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து கார் வந்து நின்று "நாங்கள் உங்கள் பங்காளி" என்றால் அந்த வீட்டில் முதலில் வரும் பயம் நிலத்துக்குப் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்பதுதான். அதில் அவர்கள் மேல் தப்பில்லை. டீக்கடையில் நிற்கும்போதே "நிலம் நீச்சு எதுவும் வேண்டாம், கோயிலைப் பார்த்துவிட்டுப் போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு பேச்சே மாறிவிடும். நேராகக் குலதெய்வக் கோயில் பூசாரியைப் பாருங்கள். எந்தெந்த வீட்டார் வரி கொடுக்கிறார்கள், எந்த வகையறா வெளியூர் போய்விட்டது என்று அவர் விரல்நுனியில் வைத்திருப்பார். மூத்தவர்களிடம் பாட்டன், பூட்டன் பெயர் கேளுங்கள். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கத்தால் பட்டியலில் இருக்கும் தகப்பன் பெயரே இன்றும் ஒரு பையனுக்கு இருக்கக்கூடும். அவர்கள் மனமுவந்து சம்மதித்தால் மட்டும் கிட்டைப் பற்றிப் பேசுங்கள், முதல் நாளே பையிலிருந்து எடுத்து நீட்டாதீர்கள்.

நான் தமிழ்நாட்டிலேயே இருக்கிறேன். எனக்கு இதில் என்ன வேலை?

உங்களுக்குத்தான் வேலை அதிகம். டர்பனில் ஆயிரம் பேர் எடுத்தாலும் அவர்களுக்குள்ளேயேதான் பொருந்திக்கொண்டிருப்பார்கள், ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு மூத்தவர் எடுத்தால்தான் கோடு இந்தப் பக்கம் வந்து சேரும். குறிப்பாகத் திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள். "எங்க தாத்தாவோட தம்பி கப்பலுக்குப் போனார், திரும்பவே இல்லை" என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால் அதை இந்த வாரமே எழுதிவையுங்கள். போனவர் பெயர், அவர் தகப்பன் பெயர், கூடப் போனவர்கள், அன்றைய தாலுகா, குலதெய்வம், கடிதம் வந்ததா, வந்தால் எந்த ஊர் முத்திரை. பிறகு கப்பல் பட்டியலில் நீங்களே தேடலாம், ஊர்ப் பெயர் உங்களுக்குத் தெரியும் என்பதால் டர்பன்காரர்களைவிட உங்களுக்கு வேகமாகவே கிடைக்கும். கிடைத்ததும் காலனி எண்ணைக் குறித்துக்கொண்டு, நேட்டால் இந்திய வம்சாவளித் தேடல் குழுக்களில் அந்த எண்ணோடு போடுங்கள், ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும்.